அறுபத்துநாலும் எழுபத்தாறும்

5 நவம்பர், செவ்வாய்

ஒரு பொருளின் முதல் வடிவம் சிறந்ததா, பிந்தைய வடிவம் சிறந்ததா? எனக்குத் தெரியவில்லை. இருபத்துநான்கு வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். இதற்கு எப்படி விடை தேடுவது என்றுகூடத் தெரியவில்லை. எதை வைத்து அளப்பது?

கேள்வி என்னுடையது அல்ல, சபாபதி கேட்டது. எம்.எஸ்சி.யில் என்னோடு படித்தவர். படித்த இயற்பியலை மறந்துவிட்டு அப்பாவின் பம்புசெட் கம்பெனிக்குப் போனவர். பழைய கார்ப் பைத்தியம். எம்.ஜி.பி. என்ற இங்கிலாந்துக் கார் அவரிடம் இரண்டு இருக்கின்றன. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மேலே துணிக்கூரை. சிவப்பு நிறத்தது 1964-இல் செய்தது. கடுகு மஞ்சள் 1976. வரும் 24ஆம் தேதி பீளமேட்டில் மூடிக்கிடக்கும் நூற்பாலைக் கிடங்கில் பழைய கார்க் கண்காட்சி. இரண்டையும் அருகருகே நிறுத்தி, முந்தையதற்கும் பிந்தையதற்கும் என்ன வித்தியாசம் என்று தமிழில் ஒரு பெரிய பலகை வைக்க வேண்டுமாம். “நீங்க எழுதினா தப்பு இருக்காதுங்க” என்றார். முகத்துதி எனக்குப் பிடிக்காது. ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார். தீபாவளிக்கு மறுநாள், அவர் வீட்டு ஷெட்டில், கையில் ஸ்பானரோடு. என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று. அவர் மனைவி நளினா இறந்து ஆறு வருடமாகிறது. எனக்கு வரும் மார்ச்சில் நாற்பத்தொன்பது முடிகிறது. “கண்காட்சி அன்னிக்குச் சொன்னாப் போதுங்க. அதுக்கப்பறம் நான் கேக்க மாட்டேன்” என்றார்.

அதற்கும் விடை தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

7 நவம்பர், வியாழன்

பலகையின் முதல் வரைவை ஆடு தின்றுவிட்டது. மிகைப்படுத்தவில்லை.

சபாபதி வீட்டுக்குக் கேட் கிடையாது. இரண்டு தூண்கள் மட்டும் நிற்கின்றன. பம்புசெட் கம்பெனி முதலாளி, ஒரு கேட் போட முடியாதா? தெருநாய், பக்கத்துத் தோட்டத்து ஆடு, பால்காரரின் சைக்கிள் எல்லாம் உள்ளே வந்து போகின்றன. வாசல் திண்டில் பையை வைத்துவிட்டு மஞ்சள் வண்டியின் பம்பரை அளந்துகொண்டிருந்தேன். திரும்பினால் ஆட்டின் வாயில் மூன்றாம் பக்கம். முதல் இரண்டு பக்கங்கள் ஏற்கெனவே உள்ளே போயிருந்தன.

“நல்ல தமிழ், விட மனசு வரல போல” என்றார் சபாபதி.

நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம்.

9 நவம்பர், சனி

மெக்கானிக் மயில்சாமியிடம் பாடம் கேட்டேன். அறுபது வயதிருக்கும். சபாபதியின் வண்டிகளை அவரைத் தவிர யாரும் தொட முடியாது. என் மாணவர்கள் இவ்வளவு தெளிவாகப் பதில் எழுதினால் நான் விடைத்தாள் திருத்தும் வேலையை வெறுக்க மாட்டேன்.

“மூத்தவ சண்டைக்காரிங்க, டீச்சரம்மா. ஓடும்போது மொத கியருக்கு மாத்துனா பல்லக் கடிப்பா. சுத்தமா நின்னாத்தான் விழும். இளையவ அப்படி இல்லீங்க, எந்த கியரும் சொன்னபடி கேப்பா. ஆனா கம்பெனிக்காரன் ஒசரம் சாஸ்தி பண்ணிட்டான். வளைவுல போட்டா ஒருக்களிச்சுச் சாயுவா.”

“யார் மூத்தவ?”

“செவப்புங்க. மஞ்ச இளையவ.”

அந்தப் பெயர்கள் வேண்டாம், அறுபத்துநாலு, எழுபத்தாறு என்றே சொல்லுங்கள் என்றேன்.

“ஏனுங்க? நல்லாத்தானுங்க இருக்குது?”

காரணம் சொல்லவில்லை. துல்லியம் வேண்டும் என்றேன். சபாபதி டயருக்குக் காற்று அடிப்பதில் திடீரென்று மிகுந்த அக்கறை காட்டினார்.

அறுபத்துநாலின் கதவுக் கைப்பிடியை இழுத்துத் திறக்க வேண்டும். எழுபத்தாறில் பொத்தானை அமுக்கினால் போதும். அறுபத்துநாலுக்குப் பளபளக்கும் குரோமிய பம்பர், மெலிந்தது. எழுபத்தாறுக்குக் கறுப்பு ரப்பர் பம்பர், தடித்தது. அமெரிக்காவில் சட்டம் மாறியதால் இடிதாங்கும்படி செய்து, வண்டியையும் ஒன்றரை அங்குலம் உயர்த்திவிட்டார்கள். பாதுகாப்பானது, கனமானது, பார்ப்பதற்குச் சுமார். சட்டத்துக்கு மட்டும் பொருந்தும்.

இரண்டாவதாக வருவதற்கு இதுதான் கதி என்று தோன்றியது. வண்டியைச் சொல்கிறேன்.

10 நவம்பர், ஞாயிறு

அண்ணி தீபாவளி முறுக்கின் கடைசி டப்பாவோடு மாடி ஏறி வந்தார். அண்ணன் குடும்பம் கீழே, நான் மேலே. முறுக்கு ஒரு சாக்கு.

“என்ன முடிவு பண்ணியிருக்க?”

“எதுக்கு?”

“நடிக்காத, வாணி. ரெண்டாந்தாரம்னு யோசிக்கறயா? அம்பது வயசுல மொததாரம் எங்க கெடைக்கும்? அவரு தங்கமான மனுசன். அந்த நளினா புள்ள குடுத்து வெச்சவ. ஒரு சுடுசொல் கேட்டிருப்பாளா அந்த வீட்ல? ஊரே கண்ணு வெச்சுது. அந்தச் செவப்புக் கார்ல ரெண்டு பேரும் மருதமலைக்குப் போவாங்க பாரு...”

“அண்ணி, முறுக்கு நமுத்துப்போச்சு.”

“பேச்ச மாத்து. நல்லா மாத்து.”

நளினாவை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அழகு. சத்தமாகச் சிரிப்பார். வரவேற்பறையில் பெரிய படம், தினமும் புதுப் பூ. சபாபதி அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. குறையே இல்லாத ஒருத்திக்குப் பின்னால் போய் நிற்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நாளை முதல் விடைத்தாள் திருத்தம். ஒரு நாளைக்கு அறுபது.

12 நவம்பர், செவ்வாய்

“காந்தப்புலம் என்பது காந்தம் உள்ள வயல்.” பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. அரை மதிப்பெண் கொடுத்தேன், நகைச்சுவைக்கு.

14 நவம்பர், வியாழன்

இரண்டாம் வரைவை அனுப்பினேன். பதினோரு திருத்தங்களோடு திரும்பி வந்தது. ‘இடிதாங்கி’ வேண்டாமாம், ‘பம்பர்’ போதுமாம். ‘மின்கலம்’ என்றால் யாருக்கும் புரியாதாம். சரி, பேட்டரி. ஆனால் ‘சிவப்பு வண்டி எல்லாப் பாகங்களும் அசல்’ என்று ஒரு புதிய வரியை அவராகவே சேர்த்திருக்கிறார். எல்லாமா? டயருமா? எனக்கு ‘எல்லா’ என்ற சொல்லின் மீது நம்பிக்கை கிடையாது.

பேட்டரி விஷயம் மட்டும் ரசித்தேன். அறுபத்துநாலில் சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, தொடரிணைப்பில். ஒன்று செத்தால் மற்றது நன்றாக இருந்தும் பயனில்லை. எழுபத்தாறில் ஒரே பேட்டரி, பன்னிரண்டு வோல்ட். தனியாக நின்றே வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதில் எது மேல் என்று யாராவது என்னைக் கேட்டால் பதில் உண்டு. யாரும் கேட்கவில்லை.

16 நவம்பர், சனி

என் பலகையில் ஒரு வரி: ‘1964 வண்டியின் பானட் அலுமினியத்தால் ஆனது, 1976 வண்டியின் பானட் இரும்பு.’ சபாபதி கொடுத்த தகவல். முதல் வண்டிகளில் எஞ்சினை மூடும் அந்தத் தகட்டுக்கு எடை குறைய அலுமினியம் போட்டார்கள், பிறகு செலவைக் குறைக்க இரும்புக்கு மாறினார்கள். சோதிக்க எளிது. ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மாம்பழ வடிவம், அண்ணி சேலத்தில் வாங்கியது.

ஷெட்டில் யாரும் இல்லை. சிவப்பு வண்டியின் பானட்டில் வைத்தேன். விழ வேண்டும். விழவில்லை. ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது.

மஞ்சள் வண்டியில் வைத்தேன். ஒட்ட வேண்டும். வழுக்கிக் கீழே விழுந்து மாம்பழத்தின் காம்பு உடைந்தது.

சோதனையைத் திரும்பச் செய்வதுதான் முறை. ஐந்து முறை, பானட்டின் ஐந்து இடங்களில். முடிவு மாறவில்லை. முந்தையதன் தலையில் பிந்தையதன் பானட். பிந்தையதன் தலையில் முந்தையதன் பானட். மஞ்சள் வண்டியின் பானட்டைத் திறந்து உட்பக்கம் பார்த்தேன். இடது முனையில் தகடு நசுங்கி, தட்டி நிமிர்த்தப்பட்ட சுவடு. அடுக்கடுக்காகச் சுத்தியல் தடம்.

எல்லாப் பாகங்களும் அசல்!

17 நவம்பர், ஞாயிறு

சபாபதியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“போர்டுல அதெல்லாம் வேண்டாங்க.”

“அப்ப அலுமினியம்னு எழுதறது பொய்.”

“கண்காட்சிக்கு வர்றவங்க காந்தம் எடுத்துட்டா வரப்போறாங்க?”

“நான் எடுத்துட்டு வந்தேனே.”

“நீ ஏன் எல்லாத்தையும் சோதிச்சுப் பாக்கற, வாணி?”

இத்தனை வருடத்தில் முதல் முறையாக ‘நீ’. அதை இதற்கா செலவழிக்க வேண்டும்?

பானட் எப்போது, ஏன் மாறியது என்று தெரியாமல் பலகையைத் தர மாட்டேன் என்றேன். சொல்ல விருப்பமில்லை என்றால் அந்த வரியை நீக்கிவிட்டு என் பெயரையும் நீக்கிவிடலாம் என்றேன். “சரிங்க” என்று வைத்துவிட்டார். எதற்குச் சரி என்று தெளிவில்லை.

ஒரு தகடு பற்றித்தான் பேச்சு. அதற்குள் எதற்காக நடுராத்திரி வரை அடுக்களையைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்? காபி அதிகம் குடிக்கிறேன்.

19 நவம்பர், செவ்வாய்

கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் மயில்சாமியின் பட்டறை. நேராகக் கேட்டேன்.

“பானட்ட எப்ப மாத்துனீங்க?”

நட்டை அவிழ்ப்பதை நிறுத்தாமல் சொன்னார்: “எட்டு வருசம் இருக்குமுங்க. அதுக்குன்னுதான் கொச்சின்ல பழைய இரும்புக்குக் கெடந்த அந்த மஞ்ச வண்டியவே வாங்கினாரு. அதோட பானட்டக் கழட்டி இதுல போட்டு, பெயிண்ட் அடிச்சு, வெளிய ஒருத்தருக்கும் தெரியாம... நசுங்கினத தூக்கிப் போட்ரலாம்னு நான் சொன்னனுங்க. அவரு கேக்கல. தட்டி வையுங்கன்னாரு. நளினாம்மா போனப்பறம் மஞ்ச வண்டியச் சரி பண்ணையில அத அதுக்குப் போட்டமுங்க.”

“எப்படி நசுங்குச்சு?”

இப்போது நிறுத்தினார். “அத என்கிட்டக் கேக்காதீங்க, டீச்சரம்மா. நான் தகரத்தத்தான் நிமித்தினேன்.”

20 நவம்பர், புதன்

அறுபது விடைத்தாள். சிலிண்டர் வந்தது. சபாபதி கூப்பிடவில்லை.

22 நவம்பர், வெள்ளி

மாலை ஐந்தரைக்கு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணி கீழேயிருந்து பின்னாலேயே காபியோடு ஏறி வந்து, நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அண்ணி ஒரு இடத்திலிருந்து தானாக நகர்வதை இன்றுதான் பார்த்தேன்.

அவர் சொன்னதை இயன்றவரை அப்படியே எழுதுகிறேன்.

“நளினா அன்னிக்குக் கெளம்பிட்டா. அவங்கம்மா வீட்டுக்கு. திரும்பி வர்ற மாதிரி இல்ல. பொட்டி, துணி எல்லாம் சிவப்பு வண்டில. எனக்கும் அவளுக்கும் அதுக்கு முன்னாடி ஒரு வருசமா பேச்சே சரியில்ல. ஊருக்கு முன்னாடி மட்டும் சிரிப்போம். மருதமலை போவோம்.”

கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்தார்.

“அவ வண்டிய எடுத்துட்டா. நான் ஓடிப்போய் கேட்டச் சாத்தினேன். அவ நிறுத்துவான்னு நெனச்சேன். அவ, நான் தொறப்பேன்னு நெனச்சிருப்பா. ரெண்டு பேருமே செய்யல.”

“அடிபட்டுச்சா?”

“அவளுக்கு ஒண்ணும் இல்ல. பானட் மட்டும். தூண்ல ஏறி மடங்கிருச்சு. அவ எறங்கி உள்ள போயிட்டா. அப்பறம் போகவே இல்ல. ரெண்டு வருசம். அதுலயே நோவு வந்துருச்சு. நான் பாத்துக்கிட்டேன். நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். அதனால எல்லாரும் என்னத் தங்கம்ங்கறாங்க.” டம்ளரைத் தொடாமல் சொன்னார்: “போகணும்னவள நான் போக விடல. அதான் கணக்கு. பலகைல எழுதறதா இருந்தா எழுதுங்க.”

மறுபடியும் ‘ங்க’ வந்துவிட்டது.

அண்ணி வைத்துவிட்டுப் போன காபி ஆறிப்போயிருந்தது. உள்ளே போய் வேறு காபி போட்டேன். பால் பொங்கி வழிந்தது, அடுப்பைத் துடைத்தேன். திரும்பி வந்து, அந்தச் சமயத்தில் கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்டேன்.

“கேட் இப்ப எங்க?”

“அடுத்த நாளே கழட்டிட்டேன். மறுபடி போடல.”

காபியைக் குடித்தார். போய்விட்டார். பதில் கேட்கவில்லை. குடையை மறந்துவிட்டார், அதுவும் மழையில். எரிச்சலூட்டும் மனிதர்.

23 நவம்பர், சனி

ஒருவர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்புகிறவள் அல்ல நான். குடையைக் கொடுக்கும் சாக்கில் போனேன். அவர் கிடங்கில் இருந்தார். நல்லது.

இடது தூணில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், சிமென்ட் பெயர்ந்த இடம். அதில் சிவப்புப் பெயிண்டின் துணுக்கு ஒன்று இன்னும் இருக்கிறது. கீல் இருந்த இடங்களில் நான்கு துளைகள், மூன்றில் குளவிக் கூடு. பல வருடமாகத் திறந்தே கிடக்கும் வீடு. இத்தனை நாளாக இந்தத் தூண்களுக்கிடையே போய்வந்திருக்கிறேன், அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டு. அவதானிப்பு வேறு, அனுமானம் வேறு என்று முதலாண்டு மாணவர்களுக்கு நான்தான் நடத்துகிறேன்.

பலகையின் வரியை மாற்றி அச்சுக்கு அனுப்பினேன்: ‘ஒரு விபத்துக்குப் பின் இரண்டு வண்டிகளின் பானட்டுகளும் இடம் மாறின. முந்தையதில் இருப்பது பிந்தையதுடையது. பிந்தையதில் இருப்பது முந்தையதுடையது.’ யாருடைய விபத்து என்று எழுதவில்லை. அது வண்டி பற்றிய தகவல் அல்ல. ‘எல்லாப் பாகங்களும் அசல்’ என்ற வரியை அடித்துவிட்டேன். அச்சகத்துக்கு அனுப்பும் முன் அவருக்கு அனுப்பினேன். “சரி” என்று பதில் வந்தது. இந்த முறை எதற்குச் சரி என்று புரிந்தது.

நாளை எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறேன், சரிபார்க்க வசதியாக. ஒன்பது மணிக்குச் சிவப்பு வண்டி கம்பீரமாகக் கிடங்குக்குள் வரும். கூட்டம் கைதட்டும். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார். தயாரித்து வைத்திருக்கும் நான்கு வாக்கியங்களை நிதானமாகச் சொல்வேன். அவற்றில் முதலாவது: ‘எனக்கு நாற்பத்தெட்டு வருடம் தனியாக இருந்து பழக்கம்.’ மற்ற மூன்றும் இன்னும் சரியாக வரவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

நடந்தது இது.

காலையில் சபாபதி வீட்டில் சிவப்பு வண்டி கிளம்பவில்லை. இரண்டு பேட்டரியில் ஒன்று செத்துவிட்டது. மயில்சாமி அதன் பாட்டன் பூட்டனையெல்லாம் இழுத்துத் திட்டினார். கிடங்கு இரண்டு தெரு தள்ளித்தான், தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்றார் சபாபதி. தள்ள அவர், மயில்சாமி, என் அண்ணன், பால்காரர். ஸ்டீயரிங் பிடிக்க ஆள் வேண்டும்.

“நீங்க உக்காருங்க” என்றார். “பிரேக் மட்டும் பாத்துக்குங்க.”

அன்று நளினா உட்கார்ந்திருந்த இருக்கை என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கும் மயில்சாமிக்கும் எனக்கும் தெரியும். பட்டுப்புடவையில் வந்திருந்த அண்ணிக்குத் தெரியாது. “ஏறு புள்ள, வெயில் ஏறுது!” என்றார். ஏறினேன். மிகத் தாழ்வாக இருந்தது. தரையில் உட்கார்ந்தது போல.

தள்ளினார்கள். வண்டி தூண்களை நோக்கி நகர்ந்தது. எதிரே எதுவும் இல்லை என்று தெரிந்தும் என் கால் பிரேக்கில் அழுந்தியது. வண்டி நின்றது.

“என்னாச்சு?” பின்னாலிருந்து அவர் குரல், மூச்சிரைக்க.

“ஒண்ணுமில்ல. தள்ளுங்க.”

“கால எடுத்தாத் தள்ளலாம்.”

எடுத்தேன். இடது தூணில் சிமென்ட் பெயர்ந்த இடம் என் முழங்கை உயரத்தில் கடந்து போனது. ஆடு சாலையோரம் நின்று பார்த்தது.

கிடங்கில் கைதட்டல் எதுவும் இல்லை. பத்துப் பேர்தான் வந்திருந்தார்கள். சிவப்பு வண்டியை அதன் இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். சபாபதி வியர்வையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. என் நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அண்ணி பலகையைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்: “இடம் மாறினவாமா? அடப்பாவமே, எதுக்கு மாத்துனாங்க?”

மயில்சாமி திரும்பிப் போய் மஞ்சள் வண்டியை ஒரே சாவித் திருகலில் கிளப்பி, கிடங்கு வாசல்வரை ஓட்டிவந்து, தலையை வெளியே நீட்டினார். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை மறக்காமல் கேட்டார்:

“டீச்சரம்மா, எழுபத்தாற எங்கீங்க நிறுத்தட்டும்?”

சபாபதி கையில் துணியோடு அப்படியே நின்றார்.

“இளையவளயா?” என்றேன். “மூத்தவ பக்கத்துலயே நிறுத்துங்க. ஆனா ரெண்டடி தள்ளி.”

மயில்சாமி என்னைப் பார்த்தார். சபாபதியைப் பார்த்தார். பிறகு வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

“ரெண்டடிங்களா, ரெண்டரைங்களா?”

“ரெண்டு போதும்” என்றார் சபாபதி. டேப்பின் மறுமுனையை வாங்கி அவரே குனிந்து பிடித்துக்கொண்டார்.